வலிக்காத கையை யார் விசாரிப்பது?

சித்தூரை அடுத்த காணிப்பாக்கம் கோயிலை ஒட்டி ஓடும் பாஹுதா ஆற்றுக்கு ஒரு கதை உண்டு. சங்கர், லிகிதர் என்று இரண்டு முனிவர்கள்; உடன்பிறந்தவர்கள். தம்பி லிகிதர் ஒருநாள் பசி பொறுக்காமல் அண்ணனின் தோப்பில் கேட்காமலே பழம் பறித்துத் தின்றுவிட்டார். மகாபாரதத்தின் சாந்தி பருவம் பழங்கள் என்று மட்டும் சொல்கிறது; மாந்தோப்புகள் சூழ்ந்த சித்தூர்ச் சீமையில் அது மாங்கனியாகிவிட்டது. கேட்காமல் எடுத்தது திருட்டு, அரசனிடம் போய்த் தண்டனை வாங்கிக்கொள் என்றார் அண்ணன். அரசன் இரண்டு கைகளையும் வெட்டினான். கையிழந்து திரும்பி வந்த தம்பியை ஆற்றில் முழுகி எழச் சொன்னார் அண்ணன். எழுந்தபோது கைகள் இருந்தன.

அங்கே கோயில் கொண்டிருக்கும் வரசித்தி விநாயகரின் கதையும் உடற்குறையில்தான் தொடங்குகிறது. ஒருவருக்குப் பேச்சு வராது, ஒருவருக்குக் காது கேட்காது, ஒருவருக்குக் கண் தெரியாது. இப்படி மூன்று சகோதரர்கள். வற்றிய கிணற்றைத் தூர்வாரித் தோண்டினார்கள். மண்வெட்டி ஒரு கல்லில் பட்டது. கல்லிலிருந்து இரத்தம் பீறிட்டது. கிணற்று நீர் சிவந்தது. மூவரின் குறையும் அந்த நேரத்திலேயே நீங்கியது என்கிறது தலவரலாறு. குலோத்துங்க சோழன் 11-ஆம் நூற்றாண்டில் கோயில் எழுப்பியதாகவும், 1336-இல் விஜயநகர அரசர்கள் அதை விரிவாக்கியதாகவும் சொல்கிறார்கள்.

இன்றும் அங்கே சத்தியம் செய்ய வருகிறார்கள். வாங்கிய கடனை இல்லை என்றவன், எடுத்த பொருளை எடுக்கவில்லை என்றவன், குடியை விடுவதாக வாக்குக் கொடுப்பவன் எல்லோரும் அந்தச் சந்நிதிக்கு அழைத்து வரப்படுகிறார்கள். அங்கே பொய் சொன்னால் தப்ப முடியாது என்பது ஊர் நம்பிக்கை. ஆக, காணிப்பாக்கம் முறையீட்டின் தலம். குறை உள்ளவர் வருகிறார், சொல்கிறார், தீர்வு கேட்கிறார். மருத்துவமனையும் அப்படித்தான். அதன் முதல் கேள்வியே ‘என்ன செய்யுது?’ என்பது. அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்களுக்காகத்தான் அந்த வாசல் திறந்திருக்கிறது.

சொல்வதற்குக் குறையே இல்லாமல் போய்விட்ட கைக்கு எந்த வாசல்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் கையையும் மணிக்கட்டையும் பரிசோதிக்கும் கலையைப் பற்றி இங்கே யோசிக்க விரும்புகிறேன். அந்தக் கலை கடந்த நூற்றாண்டில் மிக ஆழமாகச் சோதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று, காணிப்பாக்கத்திலிருந்து தெற்கே கொஞ்ச நேரப் பயணத்தில் இருக்கிறது: வேலூர். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரியும்வரை இரண்டும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டம். இன்றும் சித்தூர்க்காரருக்குப் ‘பெரிய ஆஸ்பத்திரி’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கி வைத்த அந்தக் கிறிஸ்தவ மருத்துவமனைதான்.

கையைப் பரிசோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், நல்ல வெளிச்சம், முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்ட சட்டை. முதல் கேள்வி நோயைப் பற்றியது அல்ல: என்ன வேலை செய்கிறீர்கள், எந்தக் கைப் பழக்கம்? விடிகாலையில் நாலு மாடு கறக்கிறவரின் கட்டைவிரல் அடிவலிக்கும், கரும்புச்சாறு காய்ச்சும் கொப்பரை அருகே நிற்பவரின் உள்ளங்கைத் தழும்புக்கும், தைப்பவரின் இரவு நேர மதமதப்புக்கும் வேறுவேறு வரலாறு. வேலையைக் கேட்காமல் கையைப் புரிந்துகொள்ள முடியாது.

அடுத்து, தொடாமல் பார்ப்பது. இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்வார்கள். நோயுற்ற கைக்கு அதன் இணையே அளவுகோல். தளர்ந்து கிடக்கும் கையில் விரல்கள் ஆள்காட்டியிலிருந்து சுண்டுவிரல் வரை ஒன்றைவிட ஒன்று சற்று அதிகமாக வளைந்திருக்கும். மடக்கும் தசைநாண் அறுந்த விரல் மட்டும் அந்த வரிசையிலிருந்து விலகி நேராக நிற்கும். முஷ்டி மடக்கச் சொன்னால் விரல் நுனிகள் எல்லாம் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கத்து அடியை நோக்கிக் குவியும். எலும்பு முறிந்து முறுக்கிப் பொருந்தியிருந்தால் ஒரு விரல் பக்கத்து விரல்மேல் ஏறிக்கொள்ளும். புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே இருக்கும் சதை மேடு குழிந்திருக்கிறதா? தோல் வியர்த்திருக்கிறதா, அல்லது ஒரு பக்கம் மட்டும் வறண்டு வழவழப்பாக இருக்கிறதா? வியர்வை நின்ற தோலில் நரம்பும் நின்றிருக்க வாய்ப்பு உண்டு. ஒரு சொல்லும் பேசாமலே கை இவ்வளவும் சொல்லிவிடுகிறது.

பிறகு தொடுதல். கட்டைவிரலை நன்றாக நிமிர்த்தினால் அதன் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில், ஒரு சிறு குழி விழும். கையூன்றி விழுந்து வந்தவரிடம் மருத்துவரின் விரல் தவறாமல் தேடிப்போகும் இடம் அது. மணிக்கட்டின் 8 சிற்றெலும்புகளில் ஒன்றான படகெலும்பு அதற்கு அடியில் இருக்கிறது. அது முறிந்தால் முதல் நாள் எக்ஸ்-ரேயில் பலநேரம் தெரியாது. அந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருவதால், கவனிக்காமல் விட்ட முறிவில் பின்பாதி இரத்தமின்றி மடிந்துபோகலாம். ஆகவே படம் ‘ஒன்றுமில்லை’ என்றாலும், அந்தக் குழியை அழுத்தும்போது நோயாளி முகம் சுளித்தால் மருத்துவர் முகத்தையே நம்புகிறார். கட்டுப்போட்டு, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி படம் எடுக்கிறார். கருவி பார்க்கத் தவறியதை வலி பார்த்துவிட்டது. கையின் மருத்துவத்தில் வலிதான் முதல் சாட்சி.

அதன்பின் அசைவு. முதலில் நோயாளி தானாக அசைக்க வேண்டும், பிறகு மருத்துவர் பிடித்து அசைக்க வேண்டும். தானாக அசையாதது மற்றவர் அசைத்தால் அசைகிறது என்றால் கோளாறு நரம்பிலோ தசையிலோ தசைநாணிலோ. இரண்டுக்கும் அசையவில்லை என்றால் மூட்டே இறுகியிருக்கலாம். மணிக்கட்டை ஒரு நிமிடம் முழுக்க மடக்கி வைத்திருந்தால் முதல் மூன்று விரல்களில் மதமதப்பு ஏறுகிறதா என்று பார்ப்பது, உள்ளங்கைக்குள் நுழையும் நடு நரம்பு நெருக்கப்படுகிறதா என்று அறிய. இவையெல்லாம் நோயாளி உணர்ந்து சொல்லச் சொல்ல நடக்கும் சோதனைகள்.

ஒரு சோதனை மட்டும் வேறு வகை. பிரான்ஸ் நாட்டு நரம்பியல் மருத்துவர் ஜூல்ஸ் ஃப்ரோமென் 1915-இல் விவரித்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு காகிதத்தைப் பிடிக்கச் சொல்லி மருத்துவர் இழுக்கிறார். சுண்டுவிரல் பக்கமாக இறங்கும் அல்நார் நரம்பு சரியாக இருந்தால் கட்டைவிரல் நேராக நின்று காகிதத்தை அழுத்தும். அந்த நரம்பு செத்துப்போயிருந்தாலும் காகிதம் நழுவாது. ஆனால் கட்டைவிரலின் நுனிக்கணு மடங்கிக்கொள்ளும். வேலையிழந்த தசைக்குப் பதிலாக வேறொரு நரம்பில் இயங்கும் வேறொரு தசை அந்தப் பாரத்தைச் சுமக்கிறது.

எனக்கு இந்தச் சோதனை மிகவும் பெரியதாகப் படுகிறது. கை தன் இழப்பை மறைக்கிறது. ஏமாற்றும் எண்ணம் அதற்கு ஏது? வேலை நடந்தாக வேண்டும், அவ்வளவுதான். காகிதம் விழவில்லையே என்று பார்ப்பவர் திருப்திப்பட்டுப் போய்விடுவார். காகிதம் எப்படி விழாமல் இருக்கிறது என்று பார்ப்பவருக்கே உண்மை தெரியும்.

அப்படிப் பார்த்த ஒருவர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் அங்கே ஊழியம் செய்த மிஷனரிகள். இலண்டனில் அறுவை மருத்துவம் படித்து 1946-இல் வேலூருக்கு வந்தார். 1947-இல் செங்கல்பட்டை அடுத்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனபோது, அங்கே தலைமை வகித்த ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துச் சென்று காட்டினார். காக்ரேன் தோல் நோயின் நிபுணர்; அவருடைய அக்கறை தேமலிலும் மருந்திலும் இருந்தது. பிராண்டின் கண் போனது கைகளுக்கு. பறவையின் நகம்போல் மடங்கி இறுகிய விரல்கள், குட்டையான விரல்கள், விரலே இல்லாத கைகள். இவை ஏன் இப்படி ஆகின்றன என்று கேட்டார். எலும்பும் மூட்டும் படித்தவர் நீங்கள், நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்ற பொருளில் காக்ரேன் பதில் சொன்னார். உலகில் இலட்சக்கணக்கான கைகள் அப்படி ஆகிக்கொண்டிருந்தன. ஓர் எலும்பு மருத்துவரும் அதை ஆராய முன்வந்திருக்கவில்லை.

பிராண்ட் அங்கேயே ஒரு நோயாளியின் முன் நின்று தன் கையை அவருடைய மடங்கிய கைக்குள் கொடுத்து, முடிந்தவரை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். செயலிழந்த கைதானே, பிடி தளர்வாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தார். பிடித்த பிடியில் அவருக்கு வலித்தது. நகம் தோலில் பதிந்தது. நோயாளிக்கோ தாம் இன்னொருவரை வருத்துகிறோம் என்பதே தெரியவில்லை.

அந்த ஒரு பிடியில் இரண்டு உண்மைகள் இருந்தன. முதல் உண்மை உடனே விளங்கியது: இந்தக் கையில் நல்ல தசைகள் உயிரோடு இருக்கின்றன. பிறகு ஒவ்வொரு தசையாகச் சோதித்து அவரும் உடன் வேலை செய்தவர்களும் ஓர் ஒழுங்கைக் கண்டார்கள். நோய்க்கிருமி குளிர்ச்சியான இடத்தை நாடுகிறது. நரம்பு தோலுக்கு அருகே மேலாக ஓடும் இடங்களில், முழங்கையின் உட்புறத்தில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, அது தாக்குகிறது. ஆழத்தில் இருக்கும் முன்கைத் தசைகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. தப்பிய தசை ஒன்றின் தசைநாணை இடம் மாற்றி, செயலிழந்ததன் வேலைக்கு வைக்க முடியும். தொழுநோயாளியின் சதை ‘கெட்ட சதை’, கத்தி வைத்தால் ஆறாது என்ற பழைய நம்பிக்கையை மீறி வேலூரில் அந்த அறுவைகள் நடந்தன. இறுகிய விரல்கள் திறந்தன. மனிதர்கள் மறுபடி சோறு பிசைந்து உண்டார்கள், பேனா பிடித்தார்கள். விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே இத்தகைய கைகளுக்கு அறுவை செய்தார்; பின்னாளில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு வேலூரில் அடித்தளமிட்டார். 1955-இல் வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மையம் எழுந்தது. ஆற்றில் முழுகி எழுந்து கை பெற்ற கதை, அந்தச் சீமையிலேயே தையல் ஊசியோடும் பல மாதப் பயிற்சியோடும் நடந்தது என்று சொல்லலாம்.

இரண்டாவது உண்மை மெதுவாகத்தான் வெளிப்பட்டது. அந்தப் பிடி ஏன் அவ்வளவு கடுமையாக இருந்தது? தன் கை எவ்வளவு அழுத்துகிறது என்று அந்த மனிதருக்கு உணர்த்த எதுவும் மிச்சமில்லை. ஒருமுறை துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்க பிராண்ட் போராடிக்கொண்டிருந்தபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். வியந்து பார்த்தவருக்குத் தரையில் இரத்தத் துளிகள் தெரிந்தன. சாவியின் விளிம்பு பையனின் விரலை எலும்பு தெரியும் அளவுக்குக் கிழித்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. வேறு சிலருக்குக் காலையில் எழும்போது விரலில் ஒரு பகுதி காணாமல் போயிருந்தது. இரவில் காவலிருந்து பார்த்தபோது, தூங்குபவரின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. அவர் விழிக்கவில்லை. அதன்பின் வீடு திரும்பியவர்களுக்குப் பூனைகள் கொடுத்து அனுப்பினார்கள்.

தொழுநோய் விரலைத் தின்கிறது என்று உலகம் ஆயிரம் ஆண்டுகளாக நம்பி வந்தது. நோய் தின்றது வலியைத்தான். வலி போனபின் சூடான பாத்திரமும், உளியின் பிடியும், முள்ளும், புண்ணோடு நிற்காமல் தொடர்ந்த வேலையும் விரல்களைத் தின்றன. கல்லில் மண்வெட்டி பட்டதும் இரத்தம் வந்ததாகச் சொல்லும் கதையை நாம் அதிசயம் என்கிறோம். சதையில் சாவி பாய்ந்தும் வலி வராத கை அதைவிட அதிசயம். அதைவிட அச்சம் தருவதும்கூட.

இழந்த வலிக்குப் பதில் செயற்கையான வலி ஒன்றைச் செய்துவிடலாம் என்று பிராண்ட் முயன்றார். 1966-இல் அமெரிக்காவுக்குப் போய் லூசியானா மாநிலத்தின் கார்வில் மருத்துவமனையில் வேலை செய்த காலத்தில், அழுத்தத்தை உணரும் கையுறைகளைப் பொறியாளர்களோடு சேர்ந்து உருவாக்கினார். அபாயம் வந்தால் ஒலி எழும், விளக்கு எரியும். நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி கொடுக்கும்படி மாற்றினார்கள். நோயாளிகள் அவசர வேலை வந்தால் அதை அணைத்துவிட்டு வேலையை முடித்தார்கள். பல ஆண்டு உழைப்புக்குப்பின் அந்த முயற்சி கைவிடப்பட்டது. அணைக்க முடிகிற எச்சரிக்கை எச்சரிக்கை ஆகாது. நம் வலி நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாததால்தான் நம்மைக் காக்கிறது.

கடைசியில் வேலை செய்தது, வேலூரில் முன்பே நடைமுறையில் இருந்த எளிய வழிதான்: கையைப் பார்ப்பது. கை திருந்தியும் வேலை கிடைக்காதவர்களுக்காக அங்கே புதுவாழ்வு மையம் என்று ஒரு சிறு குடியிருப்பு அமைத்துத் தச்சுவேலை கற்றுக்கொடுத்தார்கள். அங்கே தினமும் கைகளைச் சோதித்தார்கள். புதுப் புண் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று துப்பறிந்தார்கள். சுத்தியலின் பிடியா, விளக்கின் சூடா, சமையல் பாத்திரமா? காரணம் ஒவ்வொன்றாக நீங்க, புண்கள் குறைந்தன. விரல்கள் விரல்களாகவே நின்றன. எந்தக் கருவியாலும் தர முடியாததை, நாள் தவறாமல் விசாரித்த கண்கள் தந்தன.

இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. 1982 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை கிருமியை அழிக்கிறது. 10,000 பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற அளவை 2005 இறுதியில் எட்டிவிட்டதாக இந்தியா அறிவித்தது. ஆனாலும் புதிய நோயாளிகள் ஆண்டுதோறும் வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர்களுக்குச் செய்யும் சோதனைக்கு ஒரு பால்பாயிண்ட் பேனா போதும். “ஐயா, கண்ணை மூடிக்குங்க. நான் தொட்ட இடத்தை அடுத்த கையால காட்டுங்க.” பேனா முனை உள்ளங்கையில் மெல்லப் படுகிறது, கண்மூடிய விரல் வந்து அந்த இடத்தைக் காட்டுகிறது. அடுத்த இடம். அதற்கடுத்த இடம். சுண்டுவிரல் ஓரத்தில் பேனா படும்போது விரல் வரவில்லை. அவர் காத்துக்கொண்டிருக்கிறார், இன்னும் தொடவில்லை என்று நினைத்து.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவீட்டில் பழுதில்லாத கை 0. கண்ணுக்குத் தெரியும் சிதைவு 2. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாமல் உணர்ச்சி மட்டும் போன கை 1. அந்த 1 என்ற எண்ணில்தான் எல்லாமே இருக்கிறது. காப்பாற்ற வேண்டிய நேரம் அது. 2-ஐ யாரும் பார்க்கலாம். 1-ஐத் தேடிப்போய்த் தொட்டுக் கேட்டால் மட்டுமே தெரியும். அதன் உடையவரே அதைச் சொல்ல வரமாட்டார்; சொல்வதற்கு அவருக்கு ஒன்றும் வலிக்கவில்லை.

வலி என்பது உடல் தன்னைத்தானே விசாரித்துக்கொள்ளும் முறை. அந்த விசாரணை நின்றுபோன கையை இன்னொருவர் எடுத்துத் தம் கையில் வைத்துப் பார்க்கும்போது, தம்முடைய உணர்ச்சியை அவருக்குக் கடனாகத் தருகிறார். உனக்குத் தெரியாததை உனக்காக நான் அறிந்து சொல்கிறேன் என்பதே அந்தப் பரிசோதனையின் பொருள். ஒருகாலத்தில் யாரும் தொடாத கைகள் அவை. அவற்றை வெறும் கையால் தொட்டுப் பார்த்ததுதான் நோயை அறிந்த வழியும், அந்த மனிதரை மறுபடி மனிதக் கூட்டத்தில் சேர்த்த வழியும்.

இது மருத்துவமனைக்குள் நின்றுவிடுகிற உண்மை இல்லை. நம் வீடுகளில் முறையிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கவனிக்கிறோம். முறையிட்டுப் பயனில்லை என்று பல ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்திக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். கணுவை மடக்கிக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் கட்டைவிரலைப்போல, இழந்ததை மறைத்து வேலையை நடத்திக்கொண்டிருக்கிறார்கள். சோறு வேளைக்கு வருகிறது, துணி துவைத்துக் காய்கிறது, காகிதம் விழவில்லை. ஆகவே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைக்கிறோம். ஊரிலும் அப்படித்தான். வெறுங்கையால் குப்பை அள்ளுபவர், வெயிலில் கரும்பு வெட்டுபவர், செங்கல் சூளையில் வெந்துபோன உள்ளங்கையோடு இருப்பவர் ஆகியோரின் மனு எந்த மேசைக்கும் வருவதில்லை. மனு வராததை நாம் குறையின்மை என்று கணக்கெழுதிக்கொள்கிறோம்.

முறையிட்டவருக்கு நியாயம் செய்வது நீதி. அது கோயில் சந்நிதியிலும் நடக்கலாம், நீதிமன்றத்திலும் நடக்கலாம். முறையிடாதவரைத் தேடிப்போய், அவர் கையைப் பிடித்து, எங்கே உணர்வு இருக்கிறது, எங்கே இல்லை என்று பொறுமையாகக் கேட்பது அதற்கு ஒரு படி மேலே. அன்பு என்று நாம் சொல்வது அந்தப் படியில்தான் தொடங்குகிறது. அது ஒருநாள் உருகி அழுவதில் முடிவதும் இல்லை. புதுவாழ்வு மையத்தில் கைகளைப் பார்த்தார்களே, அப்படி நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை அது. வலிக்கிறவர் தம் வலியாலேயே காக்கப்படுகிறார். வலி மறந்தவரைக் காக்க உலகத்தில் இருப்பது ஒன்றே ஒன்று: அவரை விசாரிக்க இன்னொருவர் இருப்பது.